முப்பத்தேழு அடி

ஜலஜா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள், அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி பிற்பகலில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் அவள் வீட்டுக்குப் பின்னால் நின்ற சிவப்பு ஓக் மரம் வீட்டை நோக்கி நாலடி நகர்ந்தது. அன்று நல்ல வெயில், காற்றில்லை. தெருவில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் சேனாபதி அடுக்களைச் சன்னலில் நின்று டம்ளர் கழுவியபோதுதான் அதைக் கண்டார். பறவைகளுக்குத் தீனி வைக்கும் இரும்புக் கம்பம் எப்போதும் மரத்துக்கு முன்னால் நிற்கும். இப்போது மரத்துக்குப் பின்னால் நின்றது. வெளியே போய்ப் பார்த்தார். மண் கிளறப்படவில்லை, வேர் அறுபடவில்லை. மரம் முன்பு நின்ற இடத்தில் பல வருடங்களாக அங்கேயே வளர்ந்தது போலப் புல் தழைத்திருந்தது. கிளையில் அணில்கள் வழக்கம்போல ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. சேனாபதி உள்ளே வந்து மீதி டம்ளர்களைக் கழுவினார். யாரிடமும் சொல்லவில்லை. எதையும் யாரிடமும் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஜலஜா மொழியியல் படித்தவள். பார்சிப்பனியில் ஒரு நிறுவனத்தில், தொலைபேசியில் மனிதர் பேசுவதை இயந்திரம் புரிந்துகொள்ளச் செய்யும் வேலையில் பதினாறு வருடம் இருந்தாள். சனிக்கிழமைகளில் எடிசனுக்குப் போய் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடைகளுக்குள் நின்று, முருங்கைக்காயைப் பொறுக்குவது போலப் பொறுக்கிக்கொண்டே, பக்கத்தில் நிற்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுவந்து எழுதிவைப்பாள். "பார்க் பண்ணிட்டு வந்து பே பண்றேன்" என்பதில் எத்தனை மொழி இருக்கிறது என்று அவளால் ஒரு மணி நேரம் பேச முடியும். அதற்கு மேல் அவள் தமிழில் கதை எழுதினாள். இல்லாத உலகங்களின் கதை, மூன்று சூரியன் உள்ள ஊர்கள், நிழலை வாடகைக்கு விடும் மக்கள். ஐந்து நாவல் வந்திருந்தது. மொத்தம் முந்நூறு பேர் படித்திருப்பார்கள் என்று அவளே சொல்வாள். சேனாபதி ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை தண்ணீரில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தார். அவள் நாவல் எதையும் அவர் நாற்பது பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. அவளும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

நாற்பத்திரண்டாம் வயதில் ஜலஜா ட்ரூயிட் வழிக்குப் போனாள். அது பழைய கெல்ட்டிய நாட்டு மரவழிபாட்டை இந்தக் காலத்து மனிதர்கள் தங்களுக்கேற்ப எடுத்துக் கட்டிய வழி. கோயில் இல்லை, குரு இல்லை. வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. எதைத் தொடங்குமுன்னும் நான்கு திசைக்கும் அமைதி சொல்ல வேண்டும். மரத்திடமிருந்து எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடுத்தால் ஏதாவது கொடுக்க வேண்டும். நியூ ஜெர்சியில் அவளோடு சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். தங்கள் கூட்டத்தைத் தோப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்கள் மரத்தடியில் பாலும் தேனும் ஊற்றினார்கள். ஜலஜா காலையில் இறங்கும் முதல் டிக்காஷனில் ஒரு டம்ளர் எடுத்துப்போய் ஓக் மரத்து வேரில் ஊற்றிவிட்டு, அதனிடம் பத்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு வருவாள். மகள் யாமினிக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயில் ஆங்கிலம்தான் வரும். அவளைச் சீண்டுவதற்கென்றே ஜலஜா விருந்தினர்களிடம் மரத்தைக் காட்டி, "இந்த வீட்டுல, இங்க பொறந்ததுல, தமிழ்ல பதில் சொல்ற ஒரே ஆள் இதுதான்" என்பாள். டெக்சாஸில் இருக்கும் அண்ணன் பத்ரிக்கு இந்தச் சமாசாரம் எதுவும் பிடிக்காது. "மரத்தைக் கும்பிடணும்னா நம்ம ஊர்ல வேப்ப மரம் இல்லையா? அதுக்கு எதுக்கு வெள்ளக்காரன் வழி?" என்று கேட்டார். "இங்க வேப்ப மரம் மொளைக்கலண்ணா, மொளைச்சது இதுதான்" என்றாள் ஜலஜா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நோய் கண்டு பதினான்கு மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரிச் சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்ற ஒரு மேப்பிள் கன்றைப் பார்த்தபடியே, "சேனா, சாம்பல் முழுசும் அந்த ஓக் மரத்தடியிலதான். ஒரு ஸ்பூன்கூட வேற எங்கயும் போகக் கூடாது. அண்ணன் செம்போட வந்து நிப்பான். நீ வாயைத் திறக்கணும்" என்றாள். சேனாபதி சரி என்றார். "சரின்னு என்கிட்டச் சொல்றது ஈசி" என்று சிரித்தாள்.

பத்ரி செம்போடு வந்தார். உறவு நட்பு இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி சொன்னது, மயானத்தில் கையெழுத்துப் போட்டது, வந்தவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தது எல்லாம் அவர்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் ஒரு வேலையையும் அவர் விடவில்லை. சாம்பல் பெட்டி வந்த அன்று, "மாப்ள, நான் ராமேஸ்வரம் கொண்டுபோயிர்றேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார். யாமினி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, சே சம்திங்" என்றாள். சேனாபதி அடுப்பில் கொதித்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுத் துணி எடுத்துத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் பெட்டி பத்ரியின் பைக்குள் போயிருந்தது. ஐந்து நாள் கழித்து ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது, இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. சேனாபதி அதைத் திறக்கவில்லை. யாமினி சான் ஹோசேயில் தன் வேலைக்குத் திரும்பிப் போனாள். அதன்பிறகு அப்பா அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் அவளிடமிருந்து ஒற்றை எழுத்தில் பதில் வந்தது, ஆங்கிலக் கே.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி, பகலும் இரவும் சமமாகும் நாளில், தோப்புக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். தோட்டத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பி ஏதோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு மரிய அந்தோணி அவர்களை எரிவாயுக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்து, தன் வீட்டு மீட்டரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவர்களில் டோரீன் என்ற அம்மாள், முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர், ஓக் மரத்தில் நெற்றியை வைத்து, ஜலஜா இறந்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். தோப்பில் ஒருவர் போனால் அவர் மரத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும், அது வழக்கம், என்று சேனாபதியிடம் விளக்கிவிட்டுக் காரில் ஏறினார். மரத்துக்குச் செய்தி போனது அன்றைக்குத்தான்.

இரண்டாம் முறை மரம் டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி நகர்ந்தது, மூன்றாம் முறை பிப்ரவரி ஒன்றாம் தேதி. அதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேனாபதி மரிய அந்தோணியைக் கூப்பிட்டுக் காட்டினார். மரிய அந்தோணி பாம்பன் பக்கத்துக்காரர், சாலைத் துறையில் நிலம் அளப்பவர். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வியப்பார். கருவியை எடுத்து வந்து அளந்தார். வீடு வாங்கிய காலத்து வரைபடத்தில் பின்சுவரிலிருந்து மரம் முப்பத்தேழு அடி என்று இருந்தது. இப்போது இருபத்தைந்து. "மூணு தடவை, நாலு நாலு அடி. கணக்காத்தான் வருது சார்" என்றார். நகராட்சியிலிருந்து மரம் பார்க்கும் அதிகாரி வந்து, மரம் ஆரோக்கியமாக இருக்கிறது, பழைய வரைபடம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். நகரும் நாட்கள் எவை என்று ஜலஜாவின் சுவர்க் காலண்டரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எட்டுப் பண்டிகையையும் அவள் பச்சை மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். மார்ச் இருபதாம் தேதி சேனாபதியும் மரிய அந்தோணியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் அது வந்தது. கடிகாரத்தின் சின்ன முள் போவது தெரியுமா தெரியாதா, அப்படித் தெரிந்தது. புல் அதற்கு முன்னால் விலகிப் பின்னால் சேர்ந்துகொண்டது. மரிய அந்தோணி ஒரு நோட்டில் இருபத்தொன்று என்று எழுதி, வீட்டுக்குப் போய்க் கொஞ்சநேரம் படுத்தார்.

மரிய அந்தோணிக்கு அது விந்தை. சேனாபதிக்கு அது பயம். மரம் எதற்கு வருகிறது என்று தெரியும் என்று அவர் நினைத்தார். தனக்கு வர வேண்டிய சாம்பலை அது கேட்டு வருகிறது. பின்பக்கம் பிதுக்கிக் கட்டிய, மேலே மாடியில்லாத அறைதான் ஜலஜா எழுதும் அறை. மரம் அதற்கு நேராக வந்தது. அந்த அறையின் திரையை இழுத்து மூடி, கதவையும் சாத்தினார். டிக்காஷன் ஊற்றுவது அவள் போனதோடு நின்றிருந்தது. அவர் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. மே, ஜூன் என்று அது வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஒன்பது அடியில் நின்றது. கிளைகள் கூரைக்கு மேலே விரிந்து, அடுக்களைக்குள் பகல் பச்சையாக இருந்தது. ஓக் காய்கள் கூரையில் விழும்போதெல்லாம், யாரோ கதவைத் தட்டியது போல அவர் எழுந்து நின்றார். ஒருநாள் எழுந்து நின்று, "யாரு?" என்று கேட்டும்விட்டார்.

சுவரிலிருந்து பத்தடிக்குள் பெரிய மரம் இருந்தால் வீட்டுக்குக் காப்பீடு கிடையாது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது, அக்டோபர் முடிவதற்குள் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாலிசி ரத்து. சேனாபதி ஏழெட்டு நாள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துப் பார்த்தார். பிறகு மரம் வெட்டுகிற ஆட்களுக்கு போன் செய்து, அக்டோபர் முப்பது, திங்கட்கிழமை காலை என்று நாள் குறித்தார். வெளியே சொன்ன காரணம் காப்பீடு. உள்ளுக்குள் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. யாமினிக்குச் செய்தி அனுப்பினார். ஒரு வருடத்தில் முதல் முறையாக ஒற்றை எழுத்துக்கு மேல் பதில் வந்தது. அம்மாவைத்தான் கொடுத்தாய், இப்போது மரத்தையுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்.

வெட்டுவதற்கு முந்தின நாள், ஞாயிறு மதியம், மரிய அந்தோணியின் மனைவி அல்போன்சா மீன் குழம்பு கொண்டுவந்தாள். தூத்துக்குடிக்காரி, டயாலிசிஸ் நர்ஸ். அன்று மரம் சன்னலுக்கு வெளியே ஐந்தடியில், சிவந்த இலையோடு, கொஞ்சம் குனிந்து நிற்பது போல நின்றது. அல்போன்சா குழம்புச் சட்டியை வைத்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"அண்ணே, எதுக்கு இதைப் பார்த்து இப்படிப் பயந்து சாகுதீங்க?"

"நான் அவளுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாத்தலம்மா. அதைக் கேக்க வருது."

"கோவமா வர்றவன் நடையா இது? வருசம் பூரா வந்திருக்கு, ஒரு கிளை ஒடியல, ஒரு ஓடு பேரல. நீங்க நெசமாவே விருதுநகர்க்காரர்தானா? இது துட்டிக்கு வர்ற நடை அண்ணே, எழவு விசாரிக்க வர்ற நடை. துட்டி கேக்க வர்றவுக இப்பிடித்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாக. நாமளும் வாங்கன்னு கூப்பிட மாட்டோம்."

"ஒரு வருசம் கழிச்சா?"

"தூரத்துல இருக்கவுக பிந்தித்தான் வருவாக. இதுக்குக் காலா இருக்கு, காரா இருக்கு? முப்பத்திரண்டு அடி நடந்து வந்திருக்கு பாவம். நீங்க நாளைக்கு அதுக்கு மெஷின் வைக்கப் போறீங்க. நல்ல மரியாதை."

அவள் போனபிறகு சேனாபதி மாதக்கணக்கில் சாத்தியிருந்த அறையைத் திறந்தார். மேசையில் அவள் முடிக்காமல் விட்ட ஆறாவது நாவல் கட்டாகக் கிடந்தது. நாற்பது பக்கத்தைத் தாண்டினார். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஓர் ஊர் வந்தது. அங்கே ஒருவர் இறந்தால் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. பறவைக்கு ஒரு நிமிடத்தில், மனிதருக்கு ஒரு நாளில், மரத்துக்கு ஒரு பருவம் கழிந்து, பாறைக்கு நூறு வருடத்தில். செய்தி கிடைத்ததும் ஒவ்வொன்றும் கிளம்புகிறது. அந்த ஊரில் எந்த வீட்டையும் முழுதாகச் சுவர் வைத்துக் கட்டுவதில்லை, இன்னும் யாராவது வர வேண்டியிருக்கும் என்பதால். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால், "சேனா இதைப் படிக்க மாட்டான். சேனா மாதிரி ஒருத்தனை இதில் வைக்கணும்" என்று இருந்தது. சன்னலில் வெயில் சாயும்வரை அவர் அந்த வரியிலேயே இருந்தார்.

மறுநாள் காலை மூன்று ஆட்கள் கிரேனோடு வந்தார்கள். சேனாபதி சட்டை மாற்றி, தலை சீவி, வாசலுக்குப் போனார். "என் மனைவி இறந்துவிட்டாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பத்ரிதான் சொல்லியிருந்தார். "இந்த மரம் அதற்காக வந்திருக்கிறது. வெட்ட முடியாது. உங்களை வீணாக வரவழைத்ததற்கு மன்னியுங்கள்." மேஸ்திரி குவாத்தமாலாக்காரர். தலைக்கவசத்தைக் கழற்றி மார்பில் வைத்தார். தன் மாமியார் செத்தபோது ஆற்றுத் தண்ணீர் வாசற்படிவரை வந்து ஒருநாள் நின்றுவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார். பிறகு, மரம் எந்த அறைக்கு வருகிறது என்று விசாரித்து, அப்படியென்றால் அந்தக் கூரையைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், பனிக்காலத்தில் ஆள் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பண்டிகை. மரம் சுவருக்கு ஓரடியில் வந்து நின்றது.

நவம்பர் முழுக்க அந்த அறையைப் பிரித்தார்கள். சேனாபதி புத்தகங்களை மாடிக்கு ஏற்றினார். மரிய அந்தோணி கூரையையும் பின்சுவரையும் எடுத்து, மேசை இருந்த இடத்தில் தரையைப் பெயர்த்து மண் தெரியவிட்டார். நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதியதும் அவர்தான். தற்காலிக அமைப்பு, நூற்றெண்பது நாள், நோக்கம் விருந்தினர் தங்க, என்று எழுதினார். அனுமதி நான்காம் நாளே வந்தது. அதே வாரத்தில் பாலிசி ரத்தான கடிதமும் வந்தது. சேனாபதி இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். பிறகு யாமினிக்கு போன் செய்தார். செய்தி அனுப்பவில்லை, போன் செய்தார். "மரம் உள்ள வருதும்மா. இருபத்தொண்ணாம் தேதி மத்தியானம். நீ வர்றியா?" அந்தப் பக்கம் லேப்டாப்பில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐ வில் புக் எ ஃப்ளைட்" என்றாள்.

டிசம்பர் இருபத்தொன்று, வருடத்திலேயே குறுகிய பகல். பனி லேசாகப் பெய்தது. பன்னிரண்டே காலுக்கு மரம் அறைக்குள் வந்தது. நிலையில் தலை இடிக்காமல் ஆட்கள் குனிவது போல அதன் தாழ்ந்த கிளைகள் ஒடுங்கி வந்து, வந்ததும் விரிந்தன. சேனாபதி வாங்க என்று சொல்லவில்லை. ஊரில் துட்டி கேட்க வருகிறவர்களுக்கு ஆண்கள் கை நீட்டுவது போல, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். மரத்தின் பட்டை வந்து உள்ளங்கையில் பட்டது. சொரசொரப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கதகதப்பாக இருந்தது. அல்போன்சா ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜலஜா போயிட்டா" என்றார் சேனாபதி. "உன்கிட்ட வைக்கச் சொன்னா. நான் சரின்னேன். அவ அண்ணன் வந்து கேட்டப்ப வாயைத் திறக்கல. பால் பொங்குச்சு, அதைத் தொடச்சுக்கிட்டு நின்னேன். ராமேஸ்வரத்துல கரைச்சாச்சு. ஒரு ஸ்பூன்கூட இல்ல. தப்பு என்னோடது, பத்ரியோடது இல்ல." இவ்வளவு நீளமாக அவர் பேசி யாமினி கேட்டதில்லை. அவள் அடுக்களைக்குப் போனாள். அம்மாவின் பில்டரில் டிக்காஷன் இறக்கி ஒரு டம்ளரில் கொண்டுவந்து, வேரில் ஊற்றினாள். மிச்சத்தை இன்னொரு டம்ளரில் ஆற்றி அப்பாவிடம் கொடுத்தாள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு அவர் கையில் அவள் கொடுத்த முதல் பொருள் அது.

மரம் அந்தப் பனிக்காலம் முழுவதும் தங்கியது. யாமினியும் தங்கினாள். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மரத்தடியில் லேப்டாப் வைத்து சான் ஹோசே வேலையைச் செய்தாள். மீட்டிங்கில் அவளுக்குப் பின்னால் தெரிந்த மரத்தைப் பார்த்து, நல்ல பேக்ரவுண்ட், எங்கே டவுன்லோடு பண்ணினாய் என்று கேட்டார்கள். பனி வெளியே பெய்ததைப் போலவே அறைக்குள்ளும் பெய்தது, அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மண்வாரியால் ஒதுக்கினார்கள். ஜனவரி நடுவில் பட்டையின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. மரிய அந்தோணி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். "உப்பு சார். நம்ம கடல் உப்பு" என்றார். இரண்டு நாளில், மேசை இருந்த இடத்தில், வேருக்குப் பக்கத்தில் ஈர மணல் ஊறி வந்தது. கறுப்பும் பழுப்புமாக, பொடிப்பொடிச் சங்கு கலந்த மணல், ஒரு குத்துவிளக்கு உயரம். மரம் எதற்கு இத்தனை மெதுவாக வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. மேலே முப்பத்தேழு அடிதான். கீழே அதன் வேர் வேறெங்கோ போய் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. யாமினி மணலில் கையை வைத்து, எடுக்காமல், அப்படியே வெகுநேரம் வைத்திருந்தாள். சேனாபதி அன்று சாயங்காலம் பத்ரிக்கு போன் செய்து, மணல் வந்திருக்கிறது என்றார். என்ன மணல் என்று பத்ரி கேட்கவில்லை. "கோவிச்சுக்கிட்டாளா மாப்ள?" என்றார். "இல்ல. வந்துட்டா" என்றார் சேனாபதி.

பிப்ரவரி ஒன்றாம் தேதிப் பண்டிகைக்கு மரம் அசையவில்லை. மார்ச் இருபதாம் தேதி கிளம்பியது. அல்போன்சா காலையிலேயே வந்து வழக்கத்தைச் சொல்லிவைத்தாள். துட்டிக்கு வந்தவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள், வீட்டுக்காரர்களும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போவார்கள், பேசாமல் விட்டுவிட வேண்டும். சேனாபதி தலையாட்டினார். பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. யாமினி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். மதியம் மரம் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறியது. மணல் முழுவதும் அதன் வேரோடு போனது, தரையில் ஒரு துகள் இல்லை. சுவர் இருந்த கோட்டைத் தாண்டி ஓரடியில் அது நின்றபோது, யாமினி இரண்டடி முன்னால் போய், பட்டையில் தட்டி, சின்ன வயதிலிருந்து தன் வாயால் தமிழே பேசாதவள், "போயிட்டு வா" என்றாள்.

"அய்யய்யோ! ஏட்டி, துட்டிக்கு வந்தவுகள அப்பிடிச் சொல்லப்பிடாது. திரும்ப வந்துருவாக!"

"வரட்டும் ஆன்ட்டி. அதுக்குத்தானே சொன்னேன்?"

அல்போன்சா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இலையில்லாத மரத்தில் ஒரு கிளை அசைந்தது. அது காற்றாகவும் இருக்கலாம்.

போகும்போதும் அது நாலு நாலு அடியாகத்தான் போனது, எட்டுப் பண்டிகைக்கும் தவறாமல். போன வருடம் மே முதல் தேதி முப்பத்தேழாவது அடியில் பழைய இடத்தில் நின்றது. மரிய அந்தோணி அளந்து, நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார். அந்த வசந்தத்தில் வந்த இலைகளின் ஓரத்தில் மெல்லிய உப்பு படிந்திருந்தது. அந்தி நேரங்களில் மான்கள் வந்து அடிமரத்தை நக்கின. சேனாபதி காலையில் முதல் டிக்காஷனை எடுத்துப்போய் ஊற்றி, நாலு திசைக்கும் அமைதி சொல்லிவிட்டு, ஜலஜாவின் நாவல்களில் தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அவளுக்குச் சொல்லிவந்தார். மூன்றாவது நாவலின் நடுவில் இருந்தார். நிழல் வாடகை அவருக்கு நியாயமாகவே பட்டது.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி மரம் மறுபடி வீட்டை நோக்கி நாலடி வந்தது. அல்போன்சா பதறி ஓடிவந்தாள். "இப்ப யாருக்கு அண்ணே? யாருக்கு வருது?" என்று சேனாபதியின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி நன்றாக இருந்தது. "யாருக்கும் இல்லம்மா" என்றார். "பிள்ள போயிட்டு வான்னு சொன்னா. அதான் வருது." ஆகஸ்டில் இருபத்தொன்பது, செப்டம்பரில் இருபத்தைந்து. பிரித்த அறையை அவர் திரும்பக் கட்டவில்லை. மரிய அந்தோணி நூற்றெண்பது நாளுக்கு ஒருமுறை விண்ணப்பத்தைப் புதுப்பிக்கிறார். நோக்கம் என்ற இடத்தில் அதே பதிலை எழுதுகிறார், நகராட்சியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பண்டிகை நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு யாமினி போன் செய்து, "எங்க வந்திருக்கு?" என்கிறாள். சேனாபதி அடியைச் சொல்கிறார். இந்த வேகத்தில் அது உள்ளே வர வரும் ஆகஸ்டாகும். அந்த வாரம் அவள் லீவு போட்டிருக்கிறாள், பத்ரியும் டிக்கெட் எடுத்துவிட்டார். ஆகஸ்டில் வெயில் அதிகம், மரம் இலையோடு வரும், அறை நல்ல நிழலாக இருக்கும். சேனாபதி பெரிய பில்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.